பக்கத்துத் தோட்டத்துக்காரர் விடமாட்டேன் என்கிறார். அவர் சம்மதம் இல்லாமல் சர்வேயர் உள்ளே போகலாமா?

கீழ்பவானிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கோபி பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் 40 சென்ட் தோட்டம். அப்பா போன வருடம் தவறிவிட்டார். அக்கா, நான், தம்பி மூன்று பேருக்கும் பாகம் பிரித்து உட்பிரிவு செய்ய மனுப் போட்டுப் பணமும் கட்டியாயிற்று. போன வியாழக்கிழமை அளவர் வந்தார்.

தெற்கும் கிழக்கும் சிக்கல் இல்லை. வடக்கு எல்லையில்தான் மாட்டிக்கொண்டது. புலப்படத்தில் (நில அளவைத் துறையின் வரைபடம்) காட்டியிருக்கும் வடகிழக்கு மூலைக் கல் எங்கள் வரப்பில் இல்லை. கடப்பாரை போட்டு முழங்கால் ஆழம் தோண்டிப் பார்த்தோம், வேர்தான் வந்தது. "அப்படின்னா வடக்க இருக்கிற முச்சந்திக் கல்லுல இருந்து பிடிச்சு வரணும்" என்றார் அளவர். அந்தக் கல் பக்கத்துத் தோட்டத்து வாழைக்குள்ளே, எங்கள் வரப்பிலிருந்து சுமார் 70 மீட்டர் உள்ளே இருக்கிறது.

அந்தத் தோட்டத்துப் பெரியவரைச் சின்ன வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். கிணற்று மேட்டில் நின்றுகொண்டு, "என்ற தோட்டத்துக்குள்ள ஆரும் சங்கிலி இழுக்கக் கூடாது. உங்க நெலத்தை உங்க நெலத்துக்குள்ளயே அளந்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். அளவர் வாக்குவாதம் செய்யவில்லை. பக்கத்துப் பட்டாதாரர் ஆட்சேபணை என்று எழுதிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டார்.

அரசாங்க அளவருக்கு மற்றவர் நிலத்துக்குள் போக உரிமை உண்டா, இல்லையா? அவர் சம்மதிக்காவிட்டால் எங்கள் பாகம் அப்படியே நிற்க வேண்டியதுதானா?

அந்தியூர் சந்தை

போலீஸ் பாதுகாப்போடு அளக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தால் வழக்கு. ஒரு நாளில் வழிக்கு வந்துவிடுவார்.

சங்கிலிப் பிடி

நில அளவைத் துறையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன். போலீசை அழைத்து அளந்த எல்லை ஒன்றுகூட அடுத்த உழவு வரை நிம்மதியாக நின்று நான் பார்த்ததில்லை. முதல் பதிலே அதுவாக இருக்க வேண்டாம்.

"உங்கள் நிலத்தை உங்கள் நிலத்துக்குள்ளேயே அளந்துகொள்ளுங்கள்" என்று பெரியவர் சொன்னது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடக்காது. ஏன் நடக்காது என்பதை அவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

புலப்படத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் மூலைக்கு மூலை நீளமாக ஒரு கோடு ஓடும். நாங்கள் அதை ஜி லைன் என்போம். அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கோடுகள் போய் எல்லையின் ஒவ்வொரு வளைவையும் தொடும். அவை ஆஃப்செட். சங்கிலியை ஜி லைனில் நேராகப் பிடித்து, குறித்த தூரத்தில் கிராஸ் ஸ்டாஃப் (செங்கோணம் பார்க்கும் கருவி) வைத்துச் செங்குத்துப் போட்டால்தான் எல்லைப் புள்ளி கிடைக்கும். அந்தக் கோட்டின் இரண்டு முனையிலும் கல் இருக்க வேண்டும். ஒரு முனைக் கல் காணாமல் போனால், பக்கத்துப் புலத்தில் நிற்கும் கல்லிலிருந்து அந்தப் புலத்துப் படத்தை வைத்து இந்த மூலையைப் பிடிக்க வேண்டும். வேறு வழி கிடையாது. மூன்று புலம் சேரும் இடத்தில் நடுகிற முச்சந்திக் கல் அதற்காகத்தான் இருக்கிறது. அது எவருடைய வாழைக்குள் இருந்தாலும் சுற்றியுள்ள மூன்று புலத்துக்கும் பொது.

"வரப்பிலிருந்தே அளக்கலாமே" என்று எல்லோரும் கேட்பார்கள். வரப்பைத்தானே சந்தேகப்படுகிறோம்! வரப்பு நடக்கும் தம்பி. வருடத்துக்கு ஒரு கைப்பிடி மண்ணை மண்வெட்டி இந்தப் பக்கம் செதுக்கும், அந்தப் பக்கம் அப்பும். இருபது வருடத்தில் ஒரு முழம் போயிருக்கும். யாரும் வேண்டுமென்று செய்ததாக இருக்காது.

இப்போது என் கேள்வி. அளவர் வரும் தேதி உங்கள் மாமாவுக்கு முன்கூட்டியே எழுத்தில் போனதா? அவர் கையெழுத்துப் போட்டு வாங்கினாரா?

கீழ்பவானிக்காரன்

ஐயா, நோட்டீஸ் எங்களுக்கு வந்தது. அவருக்கும் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். இன்று வி.ஏ.ஓ. அலுவலகத்தில் விசாரித்தேன். அவர் பெயருக்கு இருந்த பிரதி அங்கேயே கோப்பில் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

சங்கிலிப் பிடி

அதுதான். காலையில் வாய்க்காலுக்குப் போகும்போது முன்பின் தெரியாத நாலு பேர் தன் வாழைப் பக்கம் சங்கிலியோடு நிற்பதைப் பார்த்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். நானே சொல்வேன்.

வழக்கு மனு

ஈரோட்டில் சிவில் வழக்கு நடத்துகிறேன். சட்டத்தைக் கொஞ்சம் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். "சர்வேயர் உள்ளே வரலாமா" என்ற ஒரே கேள்விக்கு நாலைந்து பதில் இருக்கிறது. எந்த வேலைக்காக வருகிறார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

உங்கள் விஷயம் தனி மனுவின் பேரில் எல்லை காட்டுவது. 1923-ஆம் ஆண்டு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தின் அடிப்படையே, அந்த எல்லையில் அக்கறை உள்ள எல்லோரையும் அறிவித்து வரச் சொல்லி, நேரிலோ முகவர் மூலமோ அவர்கள் இருக்கும்போது அளப்பதுதான். அறிவிப்பே கொடுக்காமல் அளந்துவிட்டுப் பிறகு "நீங்கள் வரவில்லையே" என்று ஒருவரிடம் சொல்ல முடியாது. அறிவிப்பு கொடுத்தும் அவர் தடுத்தால், அளவர் செய்ததுபோல எழுதிக்கொண்டு திரும்புவதுதான் சரி. வேலியைத் தள்ளிவிட்டுப் போவது அவர் வேலை இல்லை.

அதற்குப் பிறகும் வழி இருக்கிறது. சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26, விதி 9-இன்படி வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆணையர் அளவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரண்டு நிலத்தையும் பார்த்து, படத்தோடு அறிக்கை தருவார். தகவல் கொடுத்தும் ஒரு தரப்பு வராவிட்டால், வராமலேயே ஆணையர் வேலையை முடிக்க விதியில் இடம் உண்டு. அந்த அறிக்கை வழக்கில் சான்றாக நிற்கும்.

ஆனால் 70 மீட்டர் சங்கிலி இழுக்க நீங்கள் எத்தனை வருடம் நீதிமன்றப் படி ஏறத் தயாராக இருக்கிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முதலில் அறிவிப்பை அவர் கையில் கொடுக்கச் செய்யுங்கள்.

அந்தியூர் நண்பருக்கு: பொது ஊழியரின் கடமையைத் தடுப்பது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 221-ஆம் பிரிவில் குற்றம்தான், மறுக்கவில்லை. அறிவிப்பே போகாத ஒரு விவசாயி கிணற்று மேட்டில் நின்று "வேண்டாம்" என்று சொன்னதை அதற்குள் கொண்டுபோவது நியாயமும் இல்லை, வழக்கில் நிற்கவும் செய்யாது.

மல்லாட்டைக் கொல்லை

திருவண்ணாமலை மாவட்டம். மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிற கொல்லை எங்களுடையது. இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பெரியவர் பக்கம் நின்று பேச இங்கே ஒருவராவது வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சாலைக்காக எங்கள் ஊருக்கு அளக்க வந்தார்கள். அம்மா கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். "சும்மா அளவு பார்க்கிறோம் ஆயா, ஒண்ணும் இல்லை" என்று சொன்னார்கள். அம்மாவும் சரி என்று களை எடுத்தபடியே இருந்தார். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தபோது பூ இறங்கி விழுது பிடித்திருந்த செடிகளுக்கு நடுவே கல் நட்டிருந்தது. கல்லைச் சுற்றி நாலடிக்குச் செடி மிதிபட்டு மண்ணோடு கிடந்தது. அம்மா அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. "அளக்கத்தானே வந்தாங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

அந்தச் சாலை பிறகு வேறு பக்கம் போய்விட்டது. எங்கள் கொல்லை தப்பியது. ஆனால் இன்றைக்கும் முக்காலி வைத்த கருவியோடு யாராவது ரோட்டில் நின்றால் அம்மா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து நிற்கிறார். எங்களுக்கு அளப்பதும் எடுப்பதும் ஒன்றாகிவிட்டது. கோபிப் பெரியவருக்கும் இப்படி ஏதாவது இருக்கும். கேட்டுப் பாருங்கள் தம்பி.

வழக்கு மனு

உங்கள் அம்மாவுக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது. கையகப்படுத்தல் அளவை தனிக் கதை என்பதால் அதையும் எழுதுகிறேன்.

2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, அதிகாரம் பெற்ற அலுவலர் நிலத்துக்குள் வரலாம், மட்டம் பார்க்கலாம், துளையிட்டு மண் எடுக்கலாம், எல்லைக் குறி நடலாம், வேறு வழியே இல்லையென்றால் பயிரையும் வேலியையும் வெட்டி வழி செய்யலாம் என்கிறது. அதே பிரிவிலேயே கடிவாளமும் இருக்கிறது. உரிமையாளரோ, அவர் எழுத்தில் அனுமதித்த ஆளோ இல்லாதபோது இதில் எதையும் செய்யக்கூடாது. குறைந்தது 60 நாள் முன்பு அறிவிப்புக் கொடுத்து, கூட இருக்க வாய்ப்பளித்தும் அவர் வரவில்லை என்றால்தான் அவர் இல்லாமல் அளக்கலாம். வீட்டுக்குள்ளோ, வீட்டை ஒட்டி அடைத்திருக்கும் முற்றம், தோட்டத்துக்குள்ளோ குடியிருப்பவர் சம்மதம் இல்லாமல் போவதென்றால் 7 நாள் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும். சேதம் வந்தால் 13-ஆம் பிரிவுப்படி உள்ளே வரும்போதே ஈடு கொடுக்க வேண்டும். தொகையில் தகராறு என்றால் ஆட்சியர் முடிவு செய்வார்.

ஆனால் இதை அப்படியே எல்லாத் திட்டத்துக்கும் பிடித்துக்கொள்ளாதீர்கள். எத்தனையோ விவசாயிகள் "60 நாள் நோட்டீஸ் எங்கே" என்று கேட்டு ஏமாந்திருக்கிறார்கள். 105-ஆம் பிரிவும் நான்காம் அட்டவணையும் 13 மத்தியச் சட்டங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டன. இழப்பீட்டுக் கணக்கு அவற்றுக்கும் பிறகு பொருந்த வந்தது. நுழைவு முறை அந்தந்தச் சட்டப்படிதான். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ஆம் ஆண்டுச் சட்டம்: நிலம் எடுக்கும் எண்ணத்தைச் சொல்லும் 3ஏ பிரிவு அறிவிக்கை வந்தவுடனேயே 3பி-யின் கீழ் அளக்க உள்ளே வரலாம், 60 நாள் கிடையாது. உங்களுக்கு இருப்பது 3சி-யின் கீழ் 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை. அறிவிக்கையின் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் போட வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். ஆனால் 21 நாளை அரசிதழில் 3ஏ அறிவிக்கை வெளியான தேதியிலிருந்து எண்ணுங்கள். மாநில நெடுஞ்சாலை, தொழிற்பேட்டைக்குத் தமிழ்நாட்டுக்கே தனிச் சட்டம் இருக்கிறது.

எரிவாயுக் குழாய்க்கு 1962-ஆம் ஆண்டுச் சட்டம். அதிலும் அறிவிக்கை, பிறகு நுழைவு, 21 நாள் ஆட்சேபணை என்ற வரிசைதான். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுப்பார்கள். அந்தப் பட்டையில் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ மரம் வைக்கவோ முடியாது. கொங்கு ஏழு மாவட்டத்தில் கெயில் குழாய்க்கு எதிராக நடந்த போராட்டம் 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் குழாய்க்குச் சாதகமாக முடிந்தது என்று கோபிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மல்லாட்டைக் கொல்லை சொன்ன அந்தப் பயம் வெறும் மனப்பிராந்தி இல்லை என்பதற்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. 277 கிலோமீட்டர் சென்னை–சேலம் எட்டு வழிச்சாலையில் 2018-இல் அளந்து கல் நட்ட கையோடு வருவாய்ப் பதிவேட்டிலும் பெயரை மாற்றினார்கள். உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அறிவிக்கைகளை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 8-இல் அறிவிக்கைகள் செல்லும் என்று சொன்னது. ஆனால் கையகப்படுத்தி முடிப்பதற்கு முன்பே பட்டாவில் செய்த மாற்றங்கள் செல்லாது, உரிமையாளர் பெயரைத் திரும்பப் போடுங்கள் என்று உத்தரவிட்டது. அளப்பது வேறு, எடுப்பது வேறு என்று நாட்டின் பெரிய நீதிமன்றமே எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

காவிரிக்கரை மீனா

மேலே 7 நாள் என்று சொன்னது எனக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில். நானும் மாமியாரும்தான் இருக்கிறோம். போன மாதம் மதியம் இரண்டு பேர் பின்பக்கப் படலைத் திறந்துகொண்டு கொல்லைப்புறத்தில் வந்து நிற்கிறார்கள். துணி துவைத்துக்கொண்டிருந்தேன். "சர்வே" என்று ஒரே ஒரு வார்த்தை. அடையாள அட்டை கேட்டதற்கு "ஆபீஸ்ல இருக்கு" என்றார்கள். எனக்குக் கை நடுங்கியது. எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டதும் போய்விட்டார்கள். அவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

இப்படி வந்தால் என்ன கேட்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

டோட்டல் ஸ்டேஷன்

அக்கா, நான் தனியார் அளவர், பட்டயம் படித்தவன். என் தொழிலிலேயே இருந்து சொல்கிறேன்: எங்களைப் போலத் தனியாக அளப்பவர்களுக்கு எவருடைய நிலத்துக்குள்ளும் சம்மதம் இல்லாமல் கால் வைக்க எந்த உரிமையும் கிடையாது. ஒரு துளிகூட. எங்களைக் கூப்பிட்டவர் நிலத்துக்குள் அவர் அனுமதியோடு போகலாம், அவ்வளவுதான். எங்கள் அளவு புலப்படத்தை மாற்றவும் மாற்றாது. அரசு ஆள் என்றால் அட்டை, உத்தரவு எண், அலுவலகத்தின் பெயர் மூன்றும் கையில் இருக்கும். இருக்க வேண்டும். இல்லாதவரைப் படலுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு போன் போடுங்கள். ஊருக்குள் அளவை நடந்தால் அவருக்குத் தெரியாமல் இருக்காது.

நான் வேலைக்குப் போனால் முதல் நாள் கருவியே எடுத்துப்போவதில்லை. வெறும் கையோடு போய்ச் சுற்றியிருக்கும் நாலு வீட்டிலும் "நாளைக்கு இன்னார் நிலம் அளக்கிறோம், உங்க வரப்புல நிக்க வேண்டி வரலாம்" என்று சொல்லிவிட்டு வருவேன். முக்கால்வாசிப் பேர் தண்ணீர் கொடுத்து அனுப்புவார்கள். கோபித் தம்பிக்கு ஒரு யோசனை: அந்தக் கல் தரைக்கு மேல் தெரிகிறதா? தெரிந்தால், பிரிஸம் கம்பை (கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி வைத்த கம்பு) கல் மேல் நட்டுப் பிடிக்க ஒரே ஒரு ஆள் போனால் போதும். கருவியை உங்கள் வரப்பிலேயே வைத்து அளந்துவிடலாம். வாழைக்குள் சங்கிலியே இழுக்க வேண்டாம். அந்த ஒரு ஆள் உங்கள் மாமாவாகவே இருக்கலாமே.

சங்கிலிப் பிடி

வாழை இலை அடர்ந்திருந்தால் பிரிஸம் தெரியாது தம்பி. ஆனாலும் நல்ல யோசனை. கம்பை உயர்த்திப் பிடித்தால் தார்களுக்கு நடுவே ஒரு சந்து கிடைக்கும்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் காலத்தில் அளக்கிறோம் என்பதும் மரியாதைதான். ஆளுயரக் கரும்புக்குள் பார்வை போகாது, வெட்டித்தான் வழி செய்ய வேண்டும். நாங்கள் கரும்பு வெட்டு முடியட்டும் என்று மாதக்கணக்கில் மனுவை வைத்திருப்போம். மேலிடத்தில் கேட்டால் திட்டு விழும், வாங்கிக்கொள்வோம். நெல் கதிர் பிடித்திருக்கும்போது வயலில் இறங்கி மிதித்த அளவரை ஊர் பத்து வருடம் மறக்காது. அறுவடை முடிந்து தாள் காய்ந்து கிடக்கும்போது போனால் அதே ஆள் கட்டில் போட்டு உட்காரச் சொல்வார்.

வன்னிக் காணி

முல்லைத்தீவிலிருந்து எழுதுறன். உங்கட ஊரில பக்கத்துக் காணிக்காரர் மறிக்கிறார், எங்கட பக்கம் ஊரே சேர்ந்து மறிக்க வேண்டியிருக்கு.

இங்க 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம். அதில 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டினால், அளக்கிறதுக்கும் மண் துளைச்சுப் பாக்கிறதுக்கும் உத்தியோகத்தர் காணிக்குள்ள வரலாம். பிறகு 4ஆம் பிரிவு ஆட்சேபணை, அதுக்குப் பிறகு 5ஆம் பிரிவுப் பிரகடனம் எண்டு போகும். 38 (அ) பிரிவைப் பாவிச்சா அவசரமெண்டு சொல்லி முன்கூட்டியே கைப்பற்றவும் ஏலும். வட்டுவாகலில கடற்படை முகாமுக்கு எண்டு அறுநூறு ஏக்கருக்கு மேல அளக்க நில அளவைத் திணைக்களத்தார் வரேக்கையெல்லாம் சனம் வாசலில குந்தியிருந்து திருப்பி அனுப்பினது பேப்பரில எல்லாம் வந்தது. அளவு முடிஞ்சால் வரைபடம் வரும், வரைபடம் வந்தால் பிரகடனம் வரும் எண்டு அந்தச் சனத்துக்கு விளங்கும். அதாலதான் முதல் படியிலயே மறிச்சவை.

ஆனால் எங்கட வீட்டுக் காணிப் பிணக்குக்கு நில அளவையாளர் வந்தபோது பக்கத்து வளவு ஆச்சி தானே பனை வேலியில ஒரு மட்டையைக் கழட்டி வழி விட்டவ. "அளந்து முடிச்சிட்டுத் திரும்பக் கட்டிப்போட்டுப் போங்கோ" எண்டு மட்டும்தான் சொன்னவ. ஆர் வருகினம், ஏன் வருகினம் எண்டு தெரிஞ்சால் சனம் மறிக்கிறதில்லை.

மல்லாட்டைக் கொல்லை

வன்னி அண்ணா, கடைசியில் சொன்னதை எங்கள் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அதான்" என்றார்.

அந்தியூர் சந்தை

போலீஸ் என்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். நோட்டீஸ் போகவில்லை என்பது தெரியாது. அந்த யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

வழக்கு மனு

மீனா அவர்களுக்கு ஒரு சேர்க்கை. அத்துமீறி நுழைவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவில் குற்றமாக வேண்டுமென்றால் குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ நோக்கம் இருக்க வேண்டும். தெரியாமல் நுழைந்தவர் மேல் அது நிற்காது. ஆனால் "வெளியே போங்கள்" என்று நீங்கள் சொன்ன பிறகும் நின்றால் நிலைமை வேறு. அதனால் வாயைத் திறந்து தெளிவாகச் சொல்லுங்கள். முடிந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள். தேதியும் நேரமும் ஒரு நோட்டில் எழுதி வைப்பது எல்லாவற்றையும்விட உதவும். அறிவிப்பு கொண்டுவந்தால் வாங்க மறுக்காதீர்கள். வாங்காமல் விட்டால் உங்களுக்குத் தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது. "பெற்றுக்கொண்டேன், ஆட்சேபணை உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வாங்கியதும் ஆச்சு, உரிமையும் போகவில்லை.

கீழ்பவானிக்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும், நீங்கள் எல்லாம் நேரம் செலவழித்திருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். புலப்படத்து நகலையும் கொண்டுபோனேன். முதல் அரைமணி நேரம் அப்பாவைப் பற்றியே பேசினார். பிறகு நானாகவே, "நோட்டீஸ் உங்க கைக்கு வரலைங்க மாமா, அது எங்க தப்பும்தான், விசாரிச்சிருக்கோணும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: அவர் அண்ணன் காலத்தில் வாய்க்காலை ஒட்டி ஒரு பாதைக்கு "சும்மா அளக்கிறோம்" என்று வந்தார்களாம். ஆறு சென்ட் போய்விட்டது. ஒரு தாளும் கையில் கொடுக்கவில்லை. மல்லாட்டைக் கொல்லை எழுதியது அப்படியே. பக்கத்திலேயே வளர்ந்த எனக்கு அந்தக் கதை அதுவரை தெரியாது.

சங்கிலிப் பிடி ஐயா எழுதியதை வைத்து ஜி லைனைத் தரையில் குச்சியால் போட்டுக் காட்டினேன். கல் ஏன் அவர் வாழைக்குள்ளிருந்துதான் பிடிக்க வேண்டும் என்றதும், "அப்ப அந்தக் கல்லு எனக்கும் உதவுமல்லோ" என்றார். "ஆமாங்க மாமா, உங்க தெக்கு எல்லையும் அதுலதான் நிக்குது" என்றேன்.

புது நோட்டீஸை வி.ஏ.ஓ. உதவியாளரே கொண்டுவந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். போன புதன்கிழமை அளவர் வந்தார். கல் தரைக்கு மேல் தெரியவில்லை. மாமாவே கடப்பாரையை வாங்கி, இரண்டு வாழைக் கட்டைக்கு நடுவே இடம் காட்டினார். ஒன்றரை அடியில் டங் என்று சத்தம். கையால் மண்ணைத் துடைத்தார், தலையில் கொத்திய குறி தெரிந்தது. அதன் மேல் அவரே கம்பைப் பிடித்து நின்றார். இலை மறைத்தது, நாலு இலையை அவரே அரிந்து போட்டார். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

அளவு எங்களுக்குச் சாதகமாக வரவில்லை. வடக்கு வரப்பு மொத்தம் 62 மீட்டர். மேற்கு முனையில் சரியாக இருக்கிறது, கிழக்கே போகப் போக நாங்கள்தான் அவர் நிலத்துக்குள் போயிருக்கிறோம். கிழக்கு முனையில் 90 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் முக்கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த முனையில்தான் அப்பா வைத்த முருங்கை நிற்கிறது. இப்போது அது அவர் பக்கம். வெட்டாதீர்கள் என்று நானும் கேட்கவில்லை, வெட்டுவேன் என்று அவரும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தோண்டியதில் முச்சந்திக் கல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதுபோலத் தெரிகிறது. மண்ணைப் போட்டு மூடுவதற்கு முன் நாங்களே நிமிர்த்தி வைத்துவிடலாமா?

சங்கிலிப் பிடி

தொடாதீர்கள். நல்ல எண்ணத்தில் நிமிர்த்தினாலும் இரண்டு அங்குலம் நகர்ந்தால் மூன்று புலத்துக்கும் கணக்குக் கெடும். அதோடு அளவைக் கல்லை நகர்த்துவது குற்றமும்கூட. கல்லைச் சுற்றிக் குழியை அப்படியே விட்டு, நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டி வையுங்கள், மாடு மிதிக்காமல். கல் சாய்ந்திருக்கிறது, சரி செய்து தரவும் என்று நீங்களும் மாமாவும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டு வட்ட அலுவலகத்துக்கு மனுக் கொடுங்கள். மூன்றாவது புலத்துக்காரர் யாரென்று பார்த்து அவருக்கும் சொல்லிவிடுங்கள்.

கீழ்பவானிக்காரன்

மூன்றாவது புலம் மாமாவின் சம்பந்தி வீட்டாருடையது. இன்று சாயங்காலமே போய்ச் சொல்லிவிடுகிறோம். கயிறு கட்டியாயிற்று.